சரக்கு சந்தையில், வாக்கியம் வாசிப்பில்

வகுப்பறைத் தமிழ் – 9

சென்ற வாரம் மனப்பாடச் செய்யுளைப் பார்த்தோம். இந்த வாரம் கட்டுரை.

ஆறு முதல் எட்டு வரையிலான அரசுத் தமிழ்ப் பாடநூல்களில் ஒவ்வொரு இயலுக்குப் பின்னும் ‘மொழியை ஆள்வோம்’ என்றொரு பகுதி வரும். கேட்க, பேச, கடிதமும் கட்டுரையும் எழுத அங்கே தாராளமாக இடம் உண்டு. ஆனால் பரீட்சை நெருங்கிவிட்டால் பிள்ளைகள் கையில் நோட்ஸ்தான். திருச்சி ஐயன்பெருமாள் கோனாரின் உரை எத்தனையோ தலைமுறைகளைக் கரையேற்றியிருக்கிறது. செய்யுளுக்கு உரை வேண்டியதுதான். கட்டுரையையும் அப்படியே உருப்போடும்போதுதான் சிக்கல். வகுப்பு முழுக்க ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. திருத்துகிறவர் மூன்றாவது தாளிலேயே சலித்துவிடுகிறார்.

புளியங்குடிப் பிள்ளைக்கு எழுத விஷயமா இல்லை? 2025இல் புவிசார் குறியீடு பெற்ற எலுமிச்சை விளைகிற ஊர். கோடையில் விலை ஏறும், மழைக்காலத்தில் சரியும், மூட்டைகள் கேரளத்துக்கு லாரி ஏறும். இதெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே காதில் விழுகிற செய்தி. ஆனால் ‘எங்கள் ஊர்ச் சந்தை’ என்று தலைப்புக் கொடுத்தால், “சந்தை என்பது மக்கள் கூடும் இடமாகும்” என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவான்.

அந்த இடத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி போட்டுப் பார்க்கட்டும்.

“ஏல, பழத்தை எப்படிப் பிரிப்பாக?”

“பெருசு தனியா, பொடிசு தனியா சார். அழுகல எடுத்துருவாக. ஒண்ணு கெடந்தாலும் மூட்டையே போயிரும்லா.”

கட்டுரையின் பொருளுரை வந்துவிட்டது. இனி அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும்: “அழுகிய பழம் ஒன்று இருந்தாலும் மூட்டை முழுவதும் கெட்டுவிடும் என்பதால் அதை முதலிலேயே அகற்றிவிடுவார்கள்.” பையனின் அறிவு அப்படியே இருக்கிறது. ‘என்பதால்’ என்ற ஒரு சொல், காரணத்தையும் காரியத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போடுகிறது. இந்தக் கட்டு வாய்ப்பேச்சில் அவ்வளவாக வராது. படிக்கப் படிக்கத்தான் படியும். சரக்கு சந்தையில் கிடைத்தாலும் வாக்கியத்துக்கு வாசிப்பைத்தான் தேடிப் போக வேண்டும்.

அதற்கான ஏற்பாடுகள் இப்போது கொஞ்சம் உண்டு. ஆறு முதல் ஒன்பது வரையிலான மாணவர்களுக்காக 2022இல் ‘தேன்சிட்டு’ இதழைப் பள்ளிக் கல்வித்துறை தொடங்கியது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் வந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற நடுநிலை மாணவர்களுக்காக 2025இல் ‘திறன்’ திட்டம் வந்தது. இவை அலமாரியிலும் பதிவேட்டிலும் அடங்கிவிடாமல் இருக்க வேண்டுமானால் வகுப்பில் யாராவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். புளியங்குடிக்குத் தெற்கே, தென்காசியைத் தாண்டினால் குற்றாலம். அங்கே வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனை வாய்விட்டுப் படித்துத்தான் ஒரு தலைமுறைக்கே சுவை காட்டினார். அவர் எழுதிய கடிதங்களும் எதிரே உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். விரிவானப் பாடத்தை அப்படி ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும். வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே முடிகிறது என்பது பிள்ளையின் காதில் ஏறும்.

அடுத்தது சிவப்பு மை. ற, ர மாறினாலும் ஒற்று விட்டாலும் வரிக்கு வரி சுழித்தால், பையன் அடுத்த முறை தனக்கு எழுதத் தெரிந்த சொற்களோடு நின்றுகொள்வான். ‘மூட்டையே போயிரும்’ என்ற செய்தி தாளுக்கே வராது. முதல் வாசிப்பில் செய்தியை மட்டும் பார்த்து, விட்டுப்போனதை ஓரத்தில் கேள்வியாக எழுதலாம். பிழைகளை இரண்டாம் வாசிப்பில் பார்க்கலாம், அதுவும் வாரத்துக்கு ஒரு வகை. நாற்பது நோட்டு திருத்துகிறவருக்கும் அது சுமை குறைவு.

இத்தனையும் செய்தாலும் வினாத்தாள் பழைய தலைப்புகளையே கேட்டால் பிள்ளை நோட்ஸுக்குத்தான் திரும்புவான். தமிழ் வினாத்தாள் எப்படித் தயாராகிறது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)