ஒரு டம்ளர் ஸ்மூத்தியும் ராஜகிரி ஏற்றமும்: எடை குறைக்க காலையில் எதைக் குடிக்கலாம்?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 240. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறினால் எவ்வளவு கலோரி செலவாகும்?

பள்ளிக்கூட இயற்பியலே போதும். 70 கிலோவை 240 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் சுமார் 40 கலோரி. ஆனால் நம் உடம்பு அவ்வளவு சிக்கனமான இயந்திரம் இல்லை. செலவழிக்கிற சக்தியில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் மேலே ஏறுவதற்கு உதவுகிறது. மிச்சமெல்லாம் சூடாகவும் வியர்வையாகவும் போய்விடுகிறது. ஆக, ஏறுவதற்கு 160 முதல் 200 கலோரி. சமதளத்தில் நடப்பது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் 300, 350 வரை வரலாம். முட்டி வலிக்க, மூச்சு வாங்க ஏறி இறங்கியதற்கு இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்.

இப்போது காலை உணவுக்குப் பதிலாகப் பலரும் வீட்டில் அடிக்கிற ஒரு ‘வெயிட் லாஸ் ஸ்மூத்தி’யின் கணக்கைப் பார்க்கலாம். வாழைப்பழம் இரண்டு (200 கலோரி), பால் ஒரு டம்ளர் (150), ஓட்ஸ் மூன்று ஸ்பூன் (100), பீநட் பட்டர் இரண்டு பெரிய ஸ்பூன் (190), பேரீச்சம்பழம் நான்கு (100), சர்க்கரை வேண்டாம் என்று அதற்குப் பதிலாகத் தேன் ஒரு பெரிய ஸ்பூன் (60). மொத்தம் 800 கலோரி. ராஜகிரியை இரண்டு தடவை ஏறி இறங்கினாலும் கணக்கு நேராகாது.

இதில் போட்ட ஒவ்வொரு பொருளும் நல்ல பொருள்தான். அதுதான் சிக்கலே. “எல்லாமே ஹெல்தியாத்தானே போட்டேன், ஏன் எடை குறையல?” என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பொருள் சத்தானதா என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு உள்ளே போகிறது என்பது வேறு கேள்வி. மிக்ஸி இந்த இரண்டாவது கேள்வியை மறைத்துவிடுகிறது. இரண்டு வாழைப்பழம், நான்கு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் ஓட்ஸ், ஒரு கைப்பிடி கடலை ஆகியவற்றைத் தட்டில் வைத்துச் சாப்பிடச் சொன்னால் பாதியிலேயே போதும் என்பார்கள். டம்ளரில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பதினோரு மணிக்கு வடை வாசனை வரும்போது மறுபடியும் பசிக்கும்.

குடிப்பதற்கும் மெல்லுவதற்கும் என்ன வித்தியாசம்?

இதைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று 1977-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழம், மசித்த பழம், சாறு. சாற்றை முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகத்தில் குடிக்க முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்துக்குத்தான் அதிகம், சாறுக்குக் குறைவு, மசித்தது நடுவில். சாறு குடித்த பிறகு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை ஏறி, பிறகு கீழே விழுந்தது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரே ஆட்களுக்குத் தினமும் 450 கலோரியை நான்கு வாரம் மிட்டாயாகவும், வேறொரு நான்கு வாரம் குளிர்பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் சாப்பிட்ட நாட்களில் அவர்கள் மற்ற சாப்பாட்டைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானம் குடித்தபோது குறைக்கவில்லை, எடை கூடியது. சிறிய ஆய்வுகள்தான், ஆனாலும் திரவமாகப் போகும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதைக் காட்டியவை.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் சரிசெய்துவிடலாம். மிக்ஸியில் அடித்தால் நார்ச்சத்து ‘செத்துப்போகும்’ என்பது சரியல்ல. பிளேடு நாரை நறுக்கும், அழிக்காது. வடிகட்டினால்தான் நார் போகும். அதனால் ஸ்மூத்தி, ஜூஸைவிட மேல். முழுப் பழம், ஸ்மூத்தியைவிட மேல். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை, ஜூஸ், ஸ்மூத்தி இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம்ம ஊர் ஜூஸ் கடை டம்ளரில் பெரும்பாலும் அதில் இரண்டு பங்கு இருக்கும்.

தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலில் தேன், பழச்சாறு, சிரப் எல்லாமே சர்க்கரைக் கணக்கில்தான் வருகின்றன. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் அதை வைக்கச் சொல்கிறது. 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 25 கிராம். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் பெயரில்தான் வேறு. எடைக் கணக்கில் எல்லாம் ஒரே குடும்பம்.

கூழ் இருக்கே, அது போதாதா?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற ஊர்கள் இவை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகிறவர்கள் செஞ்சி வழியாகத்தான் பலரும் போவார்கள். கடந்த 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும். அந்தக் கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில் பெரிய தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1690-களில் முகலாயப் படை எட்டு வருடம் வெளியே உட்கார்ந்திருந்தும் கோட்டை 1698 வரை தாக்குப்பிடித்தது என்றால், உள்ளே தானியம் இல்லாமல் நடந்திருக்காது.

சரி, கூழுக்கு வருவோம். கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ முதல் நாள் கரைத்துப் புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் மாவுக் கரைசலை ஊற்றிக் கட்டி விழாமல் கிளறி, ஆறவைத்து, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காலையில் உருண்டையை மோரில் கரைத்து, உப்பு, சின்ன வெங்காயம் போட்டால் கூழ். பெயர் ஸ்மூத்தி இல்லையே தவிர, தானியமும் தயிரும் சேர்ந்த காலை உணவுப் பானம் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான்.

கணக்கு என்ன சொல்கிறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் சுமார் 348 கலோரி, 11 கிராம் புரதம், 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. கேழ்வரகில் 321 கலோரி, 7 கிராம் புரதம், 364 மில்லிகிராம் கால்சியம். ஒருவருக்கான கூழில் 40 கிராம் கம்பு மாவு, 10 கிராம் நொய், ஒரு சிறிய டம்ளர் மோர் என்று வைத்தால் 220, 230 கலோரிதான் வரும். சர்க்கரை இல்லை. கெட்டியாக இருப்பதாலும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே குடிப்பதாலும் மடமடவென்று இறங்காது.

அதற்காகக் கூழைத் தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். இதில் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது, புரதம். மேலே சொன்ன கூழில் 7, 8 கிராம்தான் தேறும். எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்கவும், மதியம்வரை பசி தாங்கவும் இது பத்தாது. ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ பக்கத்தில் இருந்தால் அந்தக் குறை தீரும்.

இரண்டாவது, தொட்டுக்கொள்வது. கூழின் ருசியே அதில்தான் இருக்கிறது: மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், ஊறுகாய், கருவாடு. ஆனால் எண்ணெயில் பொரித்த வற்றல் ஒரு கைப்பிடி போனாலே கூழின் சிக்கனம் காணாமல் போகும். உப்பும் அப்படித்தான். நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பச்சை வெங்காயம், பச்சை மாங்காய்த் துண்டு, வெள்ளரி என்று மாற்றிக்கொள்வது நல்லது.

மூன்றாவதுதான் முக்கியம். “கேழ்வரகு சர்க்கரை நோய்க்கு மருந்து” என்ற பேச்சு. கேழ்வரகும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய ராகிக் கஞ்சி சீக்கிரமே செரித்து, ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கெட்டியாக, அளவாகக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்த்தால் தம் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, கூழ் உழைப்பாளியின் உணவு. ஏர் ஓட்டப் போகிறவரும் நடவுக்குப் போகிறவரும் ஒரு சொம்பு குடித்தார்கள் என்றால் அதை வெயிலில் செலவழித்தார்கள். பைக்கில் கடைக்குப் போய் நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவருக்குச் சொம்பு கணக்கு சரிவராது.

அப்போ ஸ்மூத்தி குடிக்கவே கூடாதா?

தாராளமாகக் குடிக்கலாம். அடிக்கிற விதத்தை மாற்றினால் போதும். பாதி டம்ளருக்குமேல் கெட்டித் தயிர். ஒரு கைப்பிடி பழம், அதிலும் கொய்யாவோ பப்பாளியோ இருந்தால் நல்லது, வாழைப்பழம் என்றால் பாதி. பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூன், இதைப் பலரும் யோசிப்பதே இல்லை, ஆனால் மலிவான புரதம் இதுதான். ஆளிவிதை ஒரு ஸ்பூன். இனிப்பு எதுவும் இல்லை, வடிகட்டக் கூடாது. இது 250 கலோரியை ஒட்டி நிற்கும். ஸ்பூன் போட்டுச் சாப்பிடுகிற அளவு கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. பீநட் பட்டர் பிடிக்கும் என்றால் ஒரு சின்ன ஸ்பூன் போதும், பாட்டிலைச் சாய்க்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், ஸ்மூத்தி குடித்தால் அதுதான் டிபன். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 60, 70 கலோரி. நான்கு இட்லியும் சாம்பாரும் 350-க்குள் முடிந்துவிடும், அதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த நான்கு இட்லிக்குப் பக்கத்தில் ‘உடம்புக்கு நல்லது’ என்று ஒரு டம்ளர் ஸ்மூத்தி வந்து உட்காரும்போதுதான் எடை ஏறுகிறது.

கடையில் வாங்கினால் சர்க்கரை, ஐஸ்கிரீம், சிரப் மூன்றும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டப்பாவில் வருவதை நம்பவும் யோசிக்க வேண்டும். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஜூன் மாதம், செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பவர்கள் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. டப்பாவின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்ப்பது பயன் தரும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் இது முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. எடை குறைக்க விரும்புகிறவர்களில் பலரும் ஏற்கெனவே ஏதோ ஒரு மாத்திரையில் இருப்பவர்கள் என்பதால்தான் இந்தப் பகுதி.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று காலை டிபனைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு சேர்த்த பானங்களிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். பசலைக்கீரையைப் பச்சையாக அடித்துத் தினமும் குடிக்கும் பழக்கம் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது, அதிலுள்ள ஆக்ஸலேட் காரணம். பச்சை முட்டையை ஸ்மூத்தியில் உடைத்து ஊற்றுவது யாருக்குமே வேண்டாம்.

வேகமும் வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பு என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நிலைப்பாடு. மாதம் இரண்டு கிலோ. ‘பத்து நாளில் பத்துக் கிலோ’ என்று டம்ளரைக் காட்டுகிற வீடியோக்களைத் தாண்டிப் போய்விடலாம்.

கூழ் பக்கம் சாய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கம்பில் கொழுப்புச் சத்து கொஞ்சம் அதிகம். அதனால் அரைத்த மாவு சீக்கிரமே காறல் வாடை அடித்துக் கசந்துபோகும். பாக்கெட் மாவாக மாதக் கணக்குக்கு வாங்கி வைப்பதைவிட, கம்பை வாங்கி வாரத்துக்கு ஒருமுறை மிஷினில் கொடுத்துக் கொஞ்சமாக அரைத்துக்கொள்வது நல்லது. உருண்டையை ஒரு ஆளுக்கு ஒன்று என்று எலுமிச்சை அளவுக்கும் ஆரஞ்சு அளவுக்கும் நடுவில் பிடித்து வைத்தால், காலையில் தராசு தேட வேண்டியதில்லை.