புதிய உப்புநீர்த் தொட்டியிற் காணும் சிற்றுயிர்கள்

கட்டுகஸ்தோட்டை போன்ற மலைநாட்டு ஊர்களில் உப்புநீர்த் தொட்டி அமைப்போர் கல், பாசி, சங்கு முதலியவற்றைக் கரையோரத்திலிருந்தே தருவித்தல் வேண்டும். (பவளக்கல் எடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது.) இவற்றோடு அழையாத சிற்றுயிர்களும் வந்துசேரும். அவற்றைக் கண்டு அஞ்சி உடனே மருந்திடலாகாது. வெண்புள்ளி நோய்க்குரிய செம்பு மருந்து இறால், புழு முதலியவற்றைக் கொல்லும்; அவை அழுகி நீர் கெட்டு மீன்களும் மடியும். அந்நீரை மாற்றுவதற்குக் கடல் அருகில் இல்லை.

விளக்கணைத்துச் சில மணி நேரஞ் சென்றபின் டோர்ச் வெளிச்சத்திற் பார்க்க. கண்ணாடியில் துள்ளும் வெண்புள்ளிகள் கோப்பிப்பொட்டுகள், மீனுக்கு நல்லுணவு. ஒட்டியிருக்கும் மிகச்சிறிய வெண்சுருள்கள் குழாய்ப்புழுக்கள், தீங்கற்றவை.

பூரானை ஒத்த முட்புழுவின்மீதே வீண்பழி மிகுதி. இறந்த மீனருகே காணப்படுவதால் அதுவே கொன்றதென்பர். பெரும்பாலும் அது கழிவுண்ணும் துப்புரவாளனே. வெறுங்கையால் மட்டும் தொடலாகாது. முட்கள் தைத்து எரியும்.

அஞ்சத்தக்கவை இரண்டு. ஒன்று, ஐப்டேசியா எனும் கபிலநிறக் கடற்சாமந்தி. இதனை நசுக்கினால் துணுக்குகளிலிருந்து புதியன முளைக்கும். ஒட்டிய கல்லோடு அகற்றுக. மற்றையது, கும்பிடுபூச்சிபோல் முன்கால் மடித்த இறால். இரவிற் சொடுக்கொலி கேட்டு, மீன்கள் ஒவ்வொன்றாய் மறைந்தால் இதனை ஐயுறுக. ஒலி மாத்திரம் சான்றாகாது. பெரும்பாலும் மீனுக்குத் தீங்கு செய்யாத வெடியிறாலும் அவ்வாறே ஒலிக்கும். ஐயத்துக்குரிய கல்லை உப்பு மிகுந்த நீரிற் சிறிதுநேரம் அமிழ்த்தினால், ஒளிந்திருப்பது வெளிவரக் காணலாம்.