நாயோட 100 கிலோமீட்டர் நடை: ஸ்பான்சர் பணம் யார் அக்கவுண்ட்டுக்குப் போகணும்?

போன மாசம் கொல்லிமலை செம்மேட்டுல இருந்து ஒரு டீச்சர் போன் பண்ணினாங்க. "சார், பிப்ரவரி மாசம் முழுக்க எங்க கருப்பனோட 100 கிலோமீட்டர் நடக்கப் போறேன். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடற ஒரு டிரஸ்ட்டுக்காகப் பணம் சேர்க்கறேன். நாற்பது பேர் ஸ்பான்சர் பண்றதா சொல்லிட்டாங்க. வரிச்சலுகை உண்டான்னு கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?"

கருப்பன் அவங்க வீட்டு நாட்டு நாய். போஸ்டரையும் வாட்ஸ்அப்புல அனுப்பினாங்க. நல்லாவே இருந்துச்சு. கருப்பன் படம், பின்னாடி மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் மரம், கீழே பெருசா ஒரு ஜிபே நம்பர். அந்த நம்பர் டீச்சரோடது.

"இதை இன்னும் யாருக்கும் அனுப்பலையே?"ன்னு கேட்டேன். அனுப்பலைன்னாங்க. நல்லவேளை.

ஸ்பான்சர் நடைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நீங்க ஒரு தூரத்தை நடக்கறேன்னு சொல்றீங்க, தெரிஞ்சவங்க அதுக்காக ஒரு தொகை தர்றேன்னு சொல்றாங்க, பணம் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகுது. 1980ல கனடாவுல டெரி ஃபாக்ஸ்னு ஒரு இளைஞர், புற்றுநோயால ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோட 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடினார். நாட்டுல ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கன்னுதான் கேட்டார். அவர் பேர்ல நடக்கற ஓட்டம் நம்ம சென்னை ஐஐடியிலயும் பல வருஷமா நடந்திருக்கு. வெளிநாட்டுல இதையே "ஒரு மாசம் நாயோட நட"ன்னு விலங்கு நல அமைப்புகளுக்காகவும் பண்றாங்க. நம்ம ஊர்ல இது புதுசு. அதனாலதான் பணம் எந்த வழியா போகணும்னு யாரும் யோசிக்கறதில்ல.

நானும் யோசிக்கல. 2014ல, சிஏ முடிச்ச புதுசுல, நண்பர்களோட ஒரு மாரத்தான் ஓடினேன். 64,000 ரூபாய் சேர்ந்துச்சு, எல்லாம் என் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல. ஒரே செக்கா எழுதி டிரஸ்ட்டுக்குக் கொடுத்துட்டுப் பெருமையா வந்தேன். ரசீது வந்துச்சு, முழுத் தொகையும் என் பேர்ல. ஜூலையில ஒரு அண்ணன் போன் பண்ணி, "தம்பி, நான் கொடுத்த பத்தாயிரத்துக்கு ரசீது எங்க?"ன்னார். டிரஸ்ட்ல கேட்டேன். பணம் யார்கிட்ட இருந்து வந்துச்சோ அவங்க பேர்லதான் தர முடியும்னுட்டாங்க. அவங்க சொன்னது சரி. அந்த அண்ணன் இன்னிக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்லிக் காட்டுவார். ஊருக்கெல்லாம் வரி சொல்ற ஆள் நான்!

சரி, கணக்குக்கு வருவோம்.

80ஜி அங்கீகாரம் உள்ள ஒரு விலங்கு நல டிரஸ்ட்டுக்கு ஒருத்தர் 5,000 ரூபாய் நேரடியா அனுப்பறார்னு வைங்க. பழைய வரி முறையில இருந்தா அதுல பாதி, 2,500 ரூபாய், அவரோட வருமானத்துல கழியும். அவர் 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா 750 ரூபாயும் செஸ் 30 ரூபாயும் சேர்த்து 780 ரூபாய் மிச்சம். இந்த மாதிரி நன்கொடைகளுக்கு மொத்தமா ஒரு உச்சவரம்பும் உண்டு: சரிக்கட்டின மொத்த வருமானத்துல 10 சதவீதம். ஆயிரம், ஐயாயிரம் கொடுக்கறவங்க அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். புதிய வரி முறையில இருக்கறவருக்கு 80ஜி சலுகையே கிடையாது. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தாலும் கிடையாது. அரிசி மூட்டை, நாய்த் தீவனம்னு பொருளா கொடுத்தாலும் கிடையாது.

அதே 5,000 டீச்சரோட ஜிபேக்குப் போனா? கொடுத்தவர் எந்த வரி முறையில இருந்தாலும் பூஜ்யம்தான்.

இங்க உண்மையைச் சொல்லிடறேன். அந்த நாற்பது பேர் பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல மலையில மிளகும் காபியும் போடற விவசாயிங்க. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால அவங்களுக்கு 80ஜி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். மாச சம்பளக்காரங்கள்ல நிறைய பேர் புதிய முறைக்கு மாறிட்டாங்க. கடைசியில சலுகையால பலன் அடையறவங்க நாமக்கல்ல இருக்கற ஏழெட்டுப் பேர்தான். அப்ப எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

டீச்சருக்காக. நாற்பது பேரும் சொன்னபடி கொடுத்தா 86,000 ரூபாய். சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல சும்மா வர்ற பணம் மொத்தமா 50,000 ரூபாயைத் தாண்டினா, பிரிவு 56(2)(எக்ஸ்) அதை "இதர வருமானம்"னு பார்க்கும். தாண்டின 36,000 மட்டும் இல்ல, முழு 86,000மும். "இது என் பணம் இல்ல, டிரஸ்ட்டுக்காக வாங்கி வெச்சிருந்தேன்"னு வாதாடலாம், அது நியாயமான வாதமும்கூட. ஆனா அதை நிரூபிக்க வேண்டியது நீங்கதான். டீச்சரோட சம்பளத்துக்கு அந்தத் தொகையைச் சேர்த்தாலும் வரி வராமலே போகலாம். ஆனாலும் நோட்டீஸ் வந்தா பதில் எழுத வேண்டியது அவங்கதானே?

அடுத்தது இன்னும் சிக்கல். அவங்க அந்த 86,000ஐ மொத்தமா டிரஸ்ட்டுக்கு அனுப்பினா, டிரஸ்ட் அதைப் படிவம் 10பிடியில டீச்சர் பேர்ல காட்டும், 10பிஇ சான்றிதழும் அவங்க பேர்ல வரும். ரிட்டர்ன் போடறப்ப யாராவது "சான்றிதழ் உங்க பேர்லதானே இருக்கு, கிளெய்ம் பண்ணிடலாம்"னு சொல்லுவாங்க. அது மத்தவங்க பணம். பண்ணினா பொய்க் கணக்கு.

ஊர்க்காரங்க பேச்சும் இருக்கு. சின்ன மலையில நாற்பது பேர் பணம் ஒருத்தர் அக்கவுண்ட்ல ரெண்டு மாசம் கிடந்தா, மூணாவது மாசம் டீக்கடையில என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால போஸ்டர்ல அந்த நம்பரை எடுத்துட்டு டிரஸ்ட்டோட க்யூஆர் கோடைப் போடச் சொன்னேன். "அப்ப என் நடையால எவ்வளவு வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. பணம் அனுப்பறப்ப குறிப்புல "கருப்பன் 100"னு எழுதச் சொல்லுங்க, டிரஸ்ட் ஸ்டேட்மென்ட்ல அதைத் தேடினா கூட்டித் தந்துடுவாங்க. சான்றிதழ் வேணும்ங்கறவங்க பேர், முகவரி, பான் அல்லது ஆதார் நம்பரை டிரஸ்ட்டுக்கு நேரடியா கொடுக்கட்டும். அதை வாட்ஸ்அப் குரூப்ல வாங்கிக் குவிக்காதீங்க.

அதுக்கும் முன்னாடி, டிரஸ்ட் சரியானதான்னு பாருங்க. நம்ம மாநிலத்துல இது நேத்து முளைச்ச துறை இல்ல. சென்னையில ப்ளூ கிராஸ் 1959ல கேப்டன் சுந்தரம் ஆரம்பிச்சது. ஆனா இன்னிக்கு ஒரு லோகோவும் இன்ஸ்டா பக்கமும் இருந்தா யாரும் டிரஸ்ட்னு சொல்லிக்கலாம். 12ஏபி பதிவு, 80ஜி அங்கீகார எண், அது எந்த வருஷம் வரைக்கும் செல்லும், மூணையும் கேளுங்க. வருமான வரித்துறை இணையதளத்துலயே தேடிப் பார்க்கலாம். கருத்தடை பண்றோம்னு சொன்னா இன்னொண்ணு: 2023 விலங்கு இனக்கட்டுப்பாடு விதிகள்படி அதைப் பண்ண இந்திய விலங்குகள் நல வாரியத்தோட அங்கீகாரச் சான்றிதழ் வேணும். டீச்சர் சொன்ன டிரஸ்ட்ல எல்லாமே இருந்துச்சு.

சந்தையில உண்டியல் குலுக்கலாமான்னும் கேட்டாங்க. குலுக்கலாம். ஆனா பேர் தெரியாத நன்கொடை ஒரு வருஷத்துல ஒரு லட்சம், இல்ல மொத்த நன்கொடையில 5 சதவீதம், இதுல எது அதிகமோ அதைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு டிரஸ்ட் 30 சதவீதம் வரி கட்டணும். சின்ன டிரஸ்ட்டுக்கு அந்த ஒரு லட்சம் வரைக்கும் இடம் இருக்கு, அவங்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

மலேசியாவுல இருக்கற பெரியப்பா பையனும் பட்டியல்ல இருந்தார். அவர் இப்ப மலேசியக் குடிமகன். அவர் அனுப்பறது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கவே கூடாது. "என் அக்கவுண்ட்டுக்கு அனுப்பச் சொல்லி நான் கொடுத்துடறேனே"ங்கறது வழி இல்ல, வம்பு. இந்தியப் பாஸ்போர்ட்டோட சிங்கப்பூர்ல வேலை பார்க்கற தம்பி தன் சொந்த சம்பளத்துல கொடுத்தா இந்தப் பிரச்சினை வராது.

மிளகு வியாபாரி ஒருத்தர் 10,000 தர்றேன், டி-ஷர்ட்ல கடை லோகோ போடுங்கன்னார். இது எனக்குப் பிடிச்ச கேள்வி. வெறுமனே நன்றின்னு அவர் பேரைப் போட்டா அது நன்கொடை. 2019 அக்டோபர்ல வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கையும் அந்த மாதிரி நன்றி அறிவிப்புக்கு ஜிஎஸ்டி இல்லைன்னு சொல்லுது. லோகோ, கடை முகவரி, போன் நம்பர்னு போட்டா அது விளம்பரம். விளம்பரம்னா 80ஜி கிடையாது, ஆனா வியாபாரச் செலவா முழுசா கழிக்கலாம், புதிய வரி முறையிலயும். 44ஏடியில உத்தேச லாபம் காட்டறவருக்கு அதுவும் தனியா கிடைக்காது. நம்ம வியாபாரி முறையா கணக்கு எழுதறவர், புதிய முறையில இருக்கறவர். அவருக்கு விளம்பரம்தான் லாபம். டிரஸ்ட் பக்கம் அது நன்கொடையா இல்லாம வேற வரவாகிடும், அதனால அவங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கேன்.

ஸ்பான்சர் எப்படிச் சொல்றாங்கங்கறதும் முக்கியம். சிலர் "கிலோமீட்டருக்கு 10 ரூபாய், 100 முடிச்சாத்தான்"னு சொல்லியிருந்தாங்க. அதை மாத்தச் சொன்னேன். இதுக்கு சிஏ படிப்பு தேவையில்ல, நாய் வளர்க்கறவன் சொல்றேன். 28 நாள்ல 100ன்னா ஒரு நாளைக்கு மூன்றரை கிலோமீட்டர் சொச்சம். கருப்பனுக்கு அது விளையாட்டு. ஆனா பதினஞ்சாம் நாள் காலுல முள் குத்திட்டா, 86,000 ரூபாயை நினைச்சுக்கிட்டு யாரும் நாயை இழுத்துட்டுப் போகக் கூடாது. மொத்தத் தொகையா சொல்லட்டும், முன்னாடியே கட்டட்டும். கருப்பன் படுத்துட்டா டீச்சர் மட்டும் நடக்கட்டும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற மலைப்பாதையில நடந்தா வீடியோவுக்கு நல்லா இருக்கும்தான். பஸ்ஸும் லாரியும் திரும்பற இடத்துல கயிறு பிடிச்சுக்கிட்டு நிக்கறது நல்லா இருக்காது. மேல ஊர்களுக்கு நடுவுல இருக்கற சாலையே போதும். காட்டுக்குள்ள நாயோட போகாதீங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசி தேதியையும் பார்த்துக்கோங்க. கீழ நாமக்கல்லயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

பிப்ரவரின்னு அவங்க தேர்ந்தெடுத்தது கணக்குக்கும் சரியா அமைஞ்சுடுச்சு. தர்றேன்னு சொன்ன தேதி கணக்கில்ல, பணம் போன தேதிதான் கணக்கு. மார்ச் 31க்குள்ள போனாத்தான் 2025-26ல வரும். மறந்து ஏப்ரல்ல அனுப்பினா அடுத்த வருஷம், அப்ப புது வருமான வரிச் சட்டம் வந்துடும், பிரிவு எண்கள் எல்லாம் மாறிடும். டிரஸ்ட் மே 31க்குள்ள விவரங்களைப் பதிவு பண்ணி 10பிஇ கொடுக்கணும். அதுல இருக்கற ஏஆர்என் எண்ணை ரிட்டர்ன்ல போடணும், அதனால சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டு ரிட்டர்ன் போட வேண்டாம்.

செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை இருக்கு, கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். அங்க இருந்துதான் முதல் நாள் நடை ஆரம்பிக்குது. புது போஸ்டர் நேத்து வந்துச்சு. கருப்பன் அதே படம்தான், கீழே க்யூஆர் கோடு. எதுக்கும் இருக்கட்டும்னு ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன், டிரஸ்ட் பேர்தான் வந்துச்சு. 1,000 ரூபாய் அனுப்பினேன். நான் புதிய வரி முறை, எனக்கு 80ஜி கிடையாது.