ஏ9 வழியே வந்த ஜாஸ்

மாலை ஆறரை. மஹய்யாவ வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டேன். சாத்தி என்ன, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஓடும் பஸ்ஸின் ஹோர்ன் சுவரைத் துளைத்துக்கொண்டு வரத்தான் செய்யும். போகட்டும்! பிளேன்டீ சுடச்சுட இருக்கிறது, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியும் இருக்கிறது. ஸ்பீக்கரை முடுக்கியாயிற்று. கிட்ட வாங்க, இந்த இசைத்தட்டின் பின்கட்டுக்குள் கூட்டிப்போகிறேன்.

பிரித்தானிய ஜாஸ் என்றால் முன்பெல்லாம் எனக்கு லண்டன் ஜெரார்ட் தெருதான். 1959இல் ரொனி ஸ்கொட் அங்கே திறந்த கிளப், சிகரெட் புகை, டை கட்டிய சாக்ஸபோன்காரர். யோர்க்ஷயரின் டொன்காஸ்டரில் பிறந்த கிற்றார்காரர் ஜோன் மக்லாக்லினும் அந்த லண்டனில் தேறியவர்தான். 1969 ஜனவரியில் அவர் பதிவுசெய்த 'எக்ஸ்ட்ராபொலேஷன்', சாணைக் கல்லில் தீட்டிய கத்தி. அடுத்த மாதமே ஆள் நியூயோர்க்கில், மைல்ஸ் டேவிஸுக்குப் பக்கத்தில்.

ஆனால் நான் கதிரையை விட்டுத் துள்ளியது மக்லாக்லினின் 'சக்தி' குழுவைக் கேட்டபோது. அதன் முதல் தட்டு 1975 ஜூலை 5 அன்று சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில், கூட்டத்தின் முன்னே நேரடியாகப் பதிவானது. இங்கிலாந்துத் துறைமுகப் பட்டினம் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அசடு! அது நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் இருந்த கல்லூரி. முதல் உருப்படி 'ஜோய்' பதினெட்டு நிமிடம். மறுபக்கம் முழுக்க ஒரே உருப்படி, கிட்டத்தட்ட அரைமணி நேரம். தேநீர் ஆறிப்போகும், சொல்லிவிட்டேன்.

இப்போது கிற்றாரின் வயிற்றுக்குள் எட்டிப் பாருங்கள். சக்திக்காகவே ஆபிரகாம் வெக்டர் கிப்சன் நிறுவனத்தில் செய்துகொடுத்தது. வழக்கமான ஆறு தந்திகளுக்கு அடியில், சாய்வாக இன்னும் ஏழு! மேலே மீட்டினால் கீழுள்ளவை தாமாக ரீங்கரிக்கும். இன்னொரு குறும்பும் உண்டு. மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருக்கிறார்கள். தந்தியை இழுத்து வளைக்கும்போது விரல் மரத்தில் உராயாது, கமகம் வழுக்கிக்கொண்டு வரும். வீணையில் கண்ட வித்தை இது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர் மக்லாக்லின்.

அங்கேதான் சக்தியின் வயலின்காரர் எல். சங்கரையும் சந்தித்தார். சங்கர் வளர்ந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்தில்! தகப்பன் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. என் ஜன்னலுக்கு வெளியே ஹோர்ன் அடிக்கிற அதே ஏ9 வீதிதான் யாழ்ப்பாணத்தில் போய் முடிகிறது. இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோல் வாத்தியப் பக்கம் ஸாகிர் ஹுசைனின் தபலா, ராகவனின் மிருதங்கம். கூடவே விக்கு விநாயக்ராமின் கடம். பெரஹராவில் கெட்டபெரய மேளம் கேட்டு வளர்ந்த கண்டிக்காரக் காதுக்குத் தாளம் புதிதல்ல. ஆனாலும் ஒரு மண்பானை இப்படிப் பேசுமா! 1976இல் லண்டன் ட்ரைடன்ட் ஸ்டூடியோவில் பதிவான அடுத்த தட்டு, எடுத்த எடுப்பிலேயே கொன்னக்கோலில் பாய்கிறது. வாயால் தாளம் சொல்லி ஜாஸ் தட்டைத் தொடங்க என்ன துணிச்சல்! 2024இல் சக்திக்குக் கிராமி கிடைத்தபோது குழுவில் இருந்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். தாளம் கைமாறவில்லை பாருங்கள்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நிற்கிறார்.

"கோயில்ல கச்சேரியா தம்பி?"

"இல்லக்கா, லண்டன்காரர் கிற்றார் வாசிக்கிறாரு."

"அந்தப் பானையத் தட்டுறதுமா லண்டன்காரர்?"

"அது மெட்ராஸ்காரர்."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.