சொறி மருந்து பூசிய பிறகும் அரிக்கிறதா? மறுபடி பூச அவசரம் வேண்டாம்!

அம்பூரி மலைச்சரிவிலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சுற்றுப்புறங்களிலும் ரப்பர் வெட்டு, கட்டட வேலை என்று வந்து ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குச் சொறியும் பேனும் புதிதல்ல. ஓர் அறையில் நாலைந்து பேர் நெருக்கிப் படுத்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிக்கொள்ளும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கவும் சிரமமில்லை. சொறி, சிரங்கு, பேன், ஈர் எல்லாவற்றுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒரே பெயர்தான். ஆனால் எப்படிப் பூசுவது என்று சொல்லும் சீட்டு பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

பெர்மெத்ரின், பென்சைல் பென்சோயேட், லிண்டேன் ஆகிய மூன்றும் சொறிப் பூச்சியைக் கொல்லும் நஞ்சுகளே. தோல் தாங்கும் அளவில் கலந்து விற்கிறார்கள். அந்த அளவை மீறுவது பெரும்பாலும் அரிப்பைப் பொறுக்க முடியாதவர்கள்தான்.

பூச்சி செத்தாலும் அரிப்பு நிற்காது

தோலுக்குள் வளை தோண்டும் பூச்சியும் அதன் கழிவும் உடம்புக்கு ஒவ்வாததால்தான் அரிக்கிறது. மருந்தில் பூச்சி செத்தாலும், அந்தக் கழிவு தோலில் தங்கியிருப்பதால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு இருக்கும். இது தெரியாமல், "மருந்து பிடிக்கவில்லை" என்று தினமும் பூசுகிறவர்கள் உண்டு. லிண்டேனில் இது உயிருக்கே ஆபத்து. அது தோல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும். திரும்பத் திரும்பப் பூசியவர்களுக்கு வலிப்பும் மரணமும் நேர்ந்ததை அடுத்து, 2003-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. குழந்தைகளுக்கும், வலிப்பு வந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் லிண்டேன் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

இப்போது டாக்டர்கள் முதலில் எழுதித் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக்கூடாது. உடம்பு ஆறி, ஈரம் உலர்ந்திருக்க வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவிப் பயனில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகக்கண், தொப்புள், தொடையிடுக்கு எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி பூசலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அதற்கு மேல் டாக்டர் சொன்னால்தான். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாமாக எதையும் பூசக்கூடாது.

வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும், அரிப்பே இல்லாதவர்கள் உட்பட. முதல் முறை தொற்றினால் அரிப்புத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாரம் ஒரு முறை களியக்காவிளை தாண்டி ஊருக்குப் போய் வருகிறவர், அங்கே இருக்கும் மனைவி மக்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். உடுத்திய துணியையும் விரிப்பையும் கொதிநீரில் அலசலாம். முடியாததை பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்துவிட்டால் போதும்.

பேனுக்கு 1 சதவீத பெர்மெத்ரின் மருந்து உண்டு. அதைப் பத்து நிமிஷத்தில் அலசிவிட வேண்டும். இரவு முழுதும் ஊற வைப்பது வீண். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆவதால், ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி போட வேண்டும். இடையில் நாள்தோறும் ஈர்வலி போட்டு வாரினால் பாதி வேலை முடிந்தது. தலைக்கு மண்ணெண்ணெய் தேய்த்துவிட்டு அடுப்படிக்குப் போவது கொள்ளியைத் தலையில் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

தோட்டத்து மருந்து தலைக்கு ஆகாது

வேறு சிலர் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தையே நீரில் கலக்கித் தலையில் தேய்க்கிறார்கள். 1958-ல் இதே கேரளத்தில், பாரத்தியான் என்ற பயிர் மருந்து கோதுமை மாவில் கலந்துவிட்டதால் 100 பேருக்கு மேல் மாண்டனர். 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததே அதன் பிறகுதான். அப்படிப்பட்ட நஞ்சு வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை; தோல் வழியாகவும் போகும். பயிர் மருந்துக் குப்பியில் சாய்சதுரக் குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடியது. பச்சை என்றாலும் உடம்புக்கு அல்ல.

எந்த மருந்து போட்டாலும் வலிப்பு, வாயில் நீர் வடிதல், கொட்டும் வியர்வை, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் கண்டால் துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. குப்பியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கு மாற்று மருந்து கொடுக்க முடியும்.