துண்டை அமுக்குங்க தம்பி!

முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் கிழிந்து, ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் டாக்டரைத்தான் கொண்டாடுவார்கள். அசல் ஆட்டமே அதற்குப் பிறகு ஃபிசியோ அறையில்தான்! வாங்க, திரையை விலக்கி எட்டிப் பார்ப்போம்.

முதல் கட்டிலில் ஒரு இளைஞர். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. "முட்டியால துண்டை அமுக்குங்க தம்பி" என்கிறார் ஃபிசியோ. தம்பி பல்லைக் கடிக்கிறார், நெற்றி வியர்க்கிறது, தொடை மட்டும் அசையவே இல்லை! அவர்மேல் தப்பே கிடையாது. மூட்டு வீங்கினால் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடும். அதனால் தொடையில் இரண்டு பேடுகளை ஒட்டி, லேசாக மின்தூண்டல் கொடுக்கிறார்கள். சுர்ரென்று ஓர் இழுப்பு... அதோ, முட்டிச்சில்லு ஒரு நூல் மேலே ஏறுகிறது! பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டுகிறார். சிக்ஸர் பார்த்தால்கூட இத்தனை சந்தோஷம் வராது!

முட்டியை மடக்கத்தான் எல்லோருக்கும் அவசரம். ஃபிசியோவுக்கோ நீட்டுவதுதான் முதல் கவலை. முழுசாக நீளாத கால் நொண்டும். குதிகாலுக்கு அடியில் துண்டை வைத்துக் காலை நீட்டச் சொல்லி, கோணமானியால் அளக்கிறார். பூஜ்ஜியம்! இந்த ஓர் இடத்தில் மட்டும் பூஜ்ஜியம் வாங்கினால் பாராட்டு. 90, 120 டிகிரி என்று மடக்கம் பின்னாலேயே வந்துவிடும்.

விபத்தில் முட்டி லிகமென்ட்கள் கிழிந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2023இல் படியேறும் வீடியோவைப் போட்டாரே, நினைவிருக்கிறதா? வெறும் படிதான். அதற்குப் பின்னால் இப்படி எத்தனை துண்டு அமுக்கல்களோ! 2024 மார்ச்சில் ஐ.பி.எல். மைதானத்துக்கே திரும்பிவிட்டார்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். புது லிகமென்டாக வைத்துப் பொருத்துவது பெரும்பாலும் நம் தொடை அல்லது முட்டியிலிருந்தே எடுத்த தசைநாண். அதற்குள் புது ரத்தக்குழாய்கள் புகுந்து, மாதக்கணக்கில் அது லிகமென்டாக உருமாறுகிறது! வலி போய், நடை நேராகி, "நான் ரெடி" என்று மனசு துள்ளும் இரண்டு, மூன்றாம் மாதத்தில்தான் அது ரொம்பப் பலவீனமாக இருக்கும்.

கடைசிக் கட்டம் ஒற்றைக்கால் தாண்டல். ஆபரேஷன் செய்த கால், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்ட வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 9 மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. ஆகவே தம்பி தங்கைகளே, வலி இல்லை என்பதற்காக மைதானத்துக்கு ஓடாதீர்கள். உங்கள் ஃபிசியோ தாண்ட வைத்து, அளந்து பார்த்து, "போங்க" என்று சொல்லட்டும்!